உசாத்துணையும் அடிக்குறிப்பும்

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்போருட் பலர், பக்கத்தின் அடியிற் சிற்றெழுத்தில் அமைந்த குறிப்புக்களைக் கண்ணெடுத்தும் பாரார். ஈற்றில் நிற்கும் நூற்பட்டியலோ, விருந்து முடிந்தபின் வீட்டார் கலங்களை எண்ணிவைப்பது போன்றதொரு செயலாகவே அவர்க்குத் தோன்றும். எழுதுவோருள்ளுஞ் சிலர், கட்டுரை முற்றுப்பெற்ற பின்னர் அதன்மேல் ஏற்றும் அணியென்றே அதனைக் கருதுவர். இவ்விரு கருத்தும் பொருந்தா. ஒரு கூற்றுக்குச் சான்று யாது, அச்சான்று எங்குளது, பிறரொருவர் அங்குச் சென்று அதனைக் காண்டல் கூடுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிப்பன அவையே. இவ்விடை இல்லாத கூற்று எத்துணை அழகுறச் சொல்லப்படினும் கேள்வியளவாய் நிற்பதன்றி ஆராய்ச்சியாகாது.

இலங்கையிலே தமிழில் எழுதப்படும் கட்டுரைகளின் ஈற்றில் 'உசாத்துணை நூல்கள்' என்னுந் தலைப்புப் பெரிதும் வழங்குகின்றது. தமிழகத்தார் 'துணைநூற் பட்டியல்' என்பர். 'மேற்கோள் நூல்கள்' என்பாரும் உளர். இவற்றுள் ஈழத்து வழக்கே பொருளாழம் மிக்கது. உசாத்துணை என்பது நெஞ்சிலுள்ளதை எடுத்துச் சொல்லிக் கலந்து உசாவுதற்குரிய நம்பிக்கையான துணைவரைக் குறிக்கும் பழஞ்சொல். நூலை அவ்வாறு துணையாகக் கொள்வோன், தான் உசாவாத ஒருவரைத் துணையென்று பிறர்க்குக் காட்டான். உசாவிய ஒருவரை மறைக்கவும் மாட்டான். நூற்பட்டியலின் அறம் முழுவதும் இச்சொல் ஒன்றனுள்ளே அடங்கியுள்ளது எனலாம்.

அடிக்குறிப்பு மேனாட்டார் வழியாக வந்த வடிவம் என்பது உண்மையே. பியர் பெயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1697இல் வெளியிட்ட அகராதியிலே, மூலத்தினும் குறிப்புக்களே பெருகி நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கிபனும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராங்கேயும் வரலாற்று நூல்களில் இதனை நிலைபெறச் செய்தனர். எனினும், சான்று காட்டும் கடப்பாடு தமிழர்க்குப் புதியதன்று. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைப்போர் கூறவேண்டுவன இவையென இலக்கணநூலார் வகுத்தவற்றை நோக்குக. ஆக்கியோன் பெயரும் நூலின் பெயரும் அவற்றுள் உள்ளன. எந்நூலின் வழிவந்தது என்பதும் உளது. காலமும் அரங்கேறிய களமும் சேர்த்தெண்ணப்பட்டன. இன்றைய நூற்பட்டியலிலே ஆசிரியர், தலைப்பு, பதிப்பிடம், ஆண்டு என நிரைப்பன பெரும்பாலும் இவையே. பாயிரம் 'வழி'யையும் வேண்டிற்று. இற்றைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அவ்வகையிற் பழைய முறை ஒருபடி மேற்சென்றது.

உரையாசிரியர்களின் நிலை இருவகைப்பட்டது. 'என்ப' என்றும், 'என்றார் பிறரும்' என்றும், 'ஒருசாரார் கூறுவர்' என்றும் பெயர் சுட்டாது செல்லுதல் ஒருவகை. கற்றோர் அவை சிறிதாயிருந்த காலத்தில் அஃது இழுக்காகவில்லை. கேட்போர் அப்பாடல் எந்நூலினது என்பதை முன்னரே அறிவர். அவை சிதைந்து, ஏடுகள் மறைந்த பின்னரே அம்முறையின் குறை வெளிப்பட்டது. மற்றொரு வகைக்குச் சிலப்பதிகார உரைகாரராகிய அடியார்க்குநல்லார் தலைசிறந்த எடுத்துக்காட்டு. இசைக்கும் நாடகத்துக்கும் உரை வகுக்கப் புகுந்தவர், தாம் எந்நூல்களைக் கொண்டு உரைசெய்கின்றார் என்பதை வெளிப்படையாகவே கூறினார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்பன அவர் காட்டிய நூல்கள். அவற்றுட் பஞ்சமரபு பிற்காலத்தில் ஏட்டிலிருந்து அச்சேறியது. ஏனையவற்றிற் பல பெயரளவிலேனும் இன்று அறியப்படுவது அக்குறிப்பினாலேயாம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர் பண்டை இசையை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டபொழுது, அடியார்க்குநல்லார் உரை அவர்க்குப் பெருந்துணையாயிற்று. எழுநூறு ஆண்டு கழிந்தும் ஒரு சான்றுக்குறிப்புப் பயன்தருமாயின், அதனை அணியென்று தள்ளுதல் எங்ஙனம்?

அச்சுக்காலம் பிறந்தபின் இக்கடமையை ஏற்றவருள் உ. வே. சாமிநாதையர் முதன்மையானவர். 1887இற் சீவகசிந்தாமணியையும், 1892இற் சிலப்பதிகாரத்தையும், 1894இற் புறநானூற்றையும் பதிப்பித்த அவர், உரையில் வந்த மேற்கோள்கள் எந்நூலின எனத் தேடிக் குறித்தார். இன்ன நூலினதென்று விளங்காதவற்றை விளங்காதவை என்றே தனியே நிரல்படுத்தினார். தெரியாததைத் தெரியாதென அச்சிற் சொல்லும் இவ்வாண்மை, பக்கந்தோறும் குறிப்பெழுதுவோர் யாவர்க்கும் வாய்ப்பதன்று. பின்னர் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொற்பொருளுக்கு ஆட்சி காட்டி, நூற்பெயரைச் சுருக்கெழுத்தாலும் இடத்தை எண்ணாலும் சுட்டிற்று. பக்கவெண்ணை விடுத்துப் பாட்டெண்ணையும் சூத்திரவெண்ணையும் சுட்டுதல் தமிழ்ச் செய்யுள் நூல்களுக்கு உகந்த முறை. பதிப்பு மாறினும் இடம் மாறாது.

அம்முறைக்கும் ஒரு காப்பு வேண்டும். திருக்குறளில் ஓரதிகாரத்துக் குறள்களின் வைப்புமுறை மணக்குடவருரையிலும் பரிமேலழகருரையிலும் ஒன்றாயில்லை. தொல்காப்பியச் சூத்திரங்களை இளம்பூரணர் பகுத்தவாறே நச்சினார்க்கினியர் பகுத்திலர். ஆதலின் எண்களும் வேறுபடும். உரையாசிரியர் பெயரின்றிச் சூத்திரவெண் மட்டும் தருவது, வீதியின் பெயரைச் சொல்லாது வீட்டிலக்கம் மட்டும் சொல்வதனோடு ஒக்கும்.

நூற்பட்டியற் கலையின் வரலாற்றிலே கண்டிக்கும் அதனைச் சூழ்ந்த நாட்டுக்கும் ஒரு தனியிடம் உண்டு. இச்செய்தி போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. ஸ்கொத்லாந்திலிருந்து 1844இற் கண்டி மத்திய பாடசாலைக்குத் தலைமையாசிரியராக வந்தவர் ஜோன் மேர்டொக். சில ஆண்டுகளில் அப்பதவியை விடுத்துக் கண்டியிலிருந்தே சிங்களத்திற் கிறித்துவச் சிறுநூல்களை வெளியிடும் சங்கமொன்றை அமைத்தார். பின்னர்த் தமிழகம் சென்ற அவர், 1865இலே தமிழ் அச்சுநூல்களின் வகுப்புமுறைப் பட்டியல் ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். தமிழ் அச்சுநூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துக் காட்டிய முன்னோடி முயற்சி அது. ஒரு நூற்றாண்டு கழிந்து 1968இல் அது மறுபதிப்புப் பெற்றமை அதன் பயனுக்குச் சான்று.

மேர்டொக்கின் நோக்கம் சமயப் பரப்பேயாகும். எவ்வகை நூல்கள் மக்களிடையே பரவியுள்ளன என்பதை அறிந்து தம்மவர் எழுதவேண்டியவற்றைத் தீர்மானித்தற்கே அவர் இதனைத் தொகுத்தார். சைவ வைணவ நூல்கள் பற்றி அவர் எழுதிய அறிமுகக் குறிப்புக்களில் அந்நோக்கின் சாயல் தோன்றவே செய்யும். ஆயினும் தமக்கு உடன்பாடில்லாத சமயத்தார் நூல்களையும் அவர் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. நூற்பட்டியல் தொகுப்போன் தன் விருப்பு வெறுப்பை முன்னுரையிற் காட்டலாம், பதிவிற் காட்டலாகாது. இவ்விலக்கணத்தை மேர்டொக் பெரிதும் காத்தார் என்பதே நடுநிலையான மதிப்பீடாகும்.

1942இற் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கிய சேவியர் தனிநாயகம் அடிகள், அவ்வாண்டு முதல் 1961 வரை இப்பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராக விளங்கினார். தமிழறிவு உலக அறிஞர் அவையில் ஏறவேண்டுமாயின், அவ்வவை ஏற்கும் முறையிற் சான்று காட்டப்படுதல் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர் அவர். மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின், முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிற் கூடிய 1966ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டியாக ஒரு பட்டியலை வெளியிட்டார். மாநாட்டு மேடைப் பேச்சுக்கள் பல மறக்கப்பட்டன. அப்பட்டியலோ அதன்பின் ஆராய்ந்தோர்க்குப் பயன்பட்டது.

பேராதனை ஈன்ற நூற்பட்டியல்களுள் அளவாலும் திருத்தத்தாலும் மிக்கது இயன் குணதிலக தொகுத்ததாகும். பேராதனை நூலகத்திற் பணியாற்றிப் பின்னர் அதன் தலைமை நூலகராயும் விளங்கிய அவர், இலங்கையைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டு முதல் மேனாட்டு மொழிகளில் வெளிவந்தவற்றைத் தேடித் தொகுத்தார். முதலிரண்டு தொகுதிகள் 1970இலும், மூன்றாவது 1976இலும், நான்காவதும் ஐந்தாவதும் 1983இலும் சுவிற்சர்லாந்தில் வெளியிடப்பட்டன. நூல்களோடு அமையாது சஞ்சிகைக் கட்டுரைகளையும் அவர் பதிவு செய்தார். வேண்டிய இடங்களிற் குறிப்புரையும் சேர்த்தார். இலங்கை வரலாறு பற்றி எழுதப்புகும் எவரும் அதனைப் புறக்கணித்துச் செல்லுதல் அரிது.

அவ்வருந்தொகுப்பின் எல்லை அதன் தலைப்பிலேயே கூறப்பட்டுள்ளது. மேனாட்டு மொழிகளில் வந்தவையே அதன் பொருள். சிங்களமும் தமிழும் அதனுள் அடங்கா. இதனைத் தொகுப்பாசிரியர் மேற் குற்றமாக ஏற்றுதல் தகாது. எல்லையை முன்னரே சொல்லி, அவ்வெல்லைக்குள் நிறைவு காண்பதே பட்டியலாசிரியர் கடன். அதனை அவர் செவ்வனே செய்தார். குற்றம் அதனைப் பயன்படுத்துவோரிடத்தே நேர்கின்றது. ஐந்து தொகுதிகளின் பருமனைக் கண்டு, இலங்கை பற்றி எழுதப்பட்டன யாவும் இவையே எனக் கொள்வோர், மலையகத்தைப் பற்றியும் வடகிழக்கைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டவற்றைக் காணாதே முடிவுரைப்பர். கண்ணுக்குட் படாதது இல்லாதது ஆகிவிடுகின்றது.

இக்குறையை ஒருபுடை நிரப்பியது நூலகரான என். செல்வராஜா தொகுத்து 2002 முதல் வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' ஆகும். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்னும் திட்டத்தோடு தொடங்கிய அது, ஈழத்துத் தமிழ் நூல்களைக் குறிப்புரையோடு பதிவு செய்கின்றது. புலம்பெயர்ந்து வாழும் ஒருவரது தனிமுயற்சியாய் இது தொடங்கியமை போற்றத்தக்கது. நிறுவனங்கள் செய்யவேண்டியதொன்று தனிமனிதர் தோளில் ஏறியமை வருந்தத்தக்கது. எனினும் அது நூல்களையே பொருளாகக் கொண்டது. ஈழத்துத் தமிழாராய்ச்சியின் பெரும்பகுதி நூலுருப் பெறாது, பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் போன்ற மலர்களிலும், கல்லூரி ஆண்டிதழ்களிலும், கோயிற் கும்பாபிடேக மலர்களிலும் சிதறிக்கிடக்கின்றது. குணதிலக மேனாட்டு மொழிக் கட்டுரைகளுக்குச் செய்ததைத் தமிழ்க் கட்டுரைகளுக்கும் செய்வதே எஞ்சிநிற்கும் பணி.

அப்பணிக்கு முதற்கண் வேண்டுவது பதிவு செய்யும் முறை. 1960 முதல் பல்கலைக்கழகக் கலைப்பிரிவிற் சுயமொழி போதனை புகுந்ததும், ஆங்கிலக் கட்டுரைக்கு வகுத்த விதிகளே தமிழ்க் கட்டுரைக்கும் பெயர்த்து வைக்கப்பட்டன. சிகாகோ முறை 1906 முதலும், அமெரிக்க நவீன மொழிக் கழகத்தார் முறை 1951 முதலும் அச்சில் வழங்குவன. இவை நன்கு வகுக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் குடும்பப்பெயரை முதலில் வைத்து, தற்பெயரைப் பின்வைக்க என்னும் அவற்றின் முதல் விதியே தமிழரிடத்து இடறுகின்றது. தமிழர் பெயரிலே குடும்பப்பெயர் இல்லை; முன்னிற்கும் எழுத்துத் தந்தையின் பெயரையோ ஊரையோ சுட்டும். விதியை எழுத்தெழுத்தாகப் பின்பற்றுவோர் 'பிள்ளை' என்பதனைக் குடும்பப்பெயராகக் கொண்டு, தாமோதரம்பிள்ளையையும் கணபதிப்பிள்ளையையும் வையாபுரிப்பிள்ளையையும் ஒரே குடும்பத்தாராக்கிவிடுவர்.

தலைப்பெழுத்தை அற்பமென்று விடுதலும் ஆகாது. க. கணபதிப்பிள்ளை பேராதனையிற் பேராசிரியராயிருந்து நாடகமும் மொழியியலும் வளர்த்தவர், சி. கணபதிப்பிள்ளை பண்டிதமணியெனப் போற்றப்பெற்றவர். ஓரெழுத்து விடுபடின் ஒருவர் கருத்து மற்றவர் தலையில் ஏறும். ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்விடர் இரட்டிக்கும். கைலாசபதிக்கு முன்னிற்கும் 'க.'வும் சிவத்தம்பிக்கு முன்னிற்கும் 'கா.'வும் அங்கு ஒரே எழுத்தாய்விடும். துறவு பூண்டார் பெயர்களிலோ வேறொரு சிக்கல். விபுலாநந்தர் துறவுக்கு முன்னர்ப் பண்டிதர் மயில்வாகனனார் என வழங்கப்பட்டவர். அவர் பெயரையே ஒருவர் நகரமிட்டும் மற்றொருவர் னகரமிட்டும் எழுதுவர். நெடுங்கணக்கில் இவ்விரண்டெழுத்தும் தொலைவில் நிற்பன ஆதலின், அகரநிரலில் ஒருவரே இருவராகத் தோன்றவும் கூடும்.

ஆண்டிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய பதிப்புக்கள் பல அறுபதாண்டு வட்டத்துப் பெயரையே தாங்கின. 'சர்வசித்து' என மட்டும் முகப்பிற் கண்டவிடத்து, அது 1887-88ஐக் குறிக்கலாம், 1947-48ஐயும் குறிக்கலாம். மேலும், அவ்வாண்டு சித்திரையிற் பிறத்தலின் ஆங்கில ஆண்டுகள் இரண்டனைத் தழுவும். முகப்பேடுகள் தாமும் இக்காலத்து முகப்பேடுகள் போலல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர் பெயர் தாங்கிய ஒரு பதிப்பிலே அவர் நூலாசிரியரா, உரைசெய்தவரா, பரிசோதித்தவரா, அச்சியந்திரசாலைக்கு உரியவரா என்பது முகப்பின் நீண்ட வாக்கியத்தைப் பொறுமையோடு படித்தாலன்றி விளங்காது. இவற்றை ஒருவாய்பாட்டில் அடைத்தற்பொருட்டு அறுத்தெறிபவர் வரலாற்றையே அறுத்தெறிகின்றார்.

இவ்வாற்றால் தெளியற்பாலன சில. தமிழ்ப் பெயரைத் தமிழர் வழங்குமாறே தற்பெயர் முதலாக அகரநிரலில் வைத்து, தலைப்பெழுத்தைப் பின்னர்த் தவறாது தருதல் வேண்டும். சீர்காழியிற் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடிகோலிய சி. இரா. அரங்கநாதன், ஊரும் தந்தையும் சுட்டும் பகுதிகளைத் தம் தற்பெயருக்குப் பின்னர் வைத்தே பதிந்தமை இதற்கு வழிகாட்டும். தமிழாண்டு காணப்படின் அதனை உள்ளவாறே தந்து, உறுதிப்பட்ட ஆங்கில ஆண்டைப் பகரவளைவுள் அமைத்தல் தகும். செய்யுளுக்குப் பாட்டெண்ணும், சூத்திரத்திற்கு உரையாசிரியர் பெயரும், உரைநடைக்குப் பதிப்பும் பக்கமும் வேண்டும். 'மேற்படி' என்னும் சொல் உடன்மேல் நின்ற நூலொன்றையே சுட்டுமாறு ஆளப்படல் வேண்டும். இடையிற் பிறிதொரு குறிப்பைச் செருகியவர், கீழுள்ள 'மேற்படி' எதனைச் சுட்டுகின்றது என மீளப் பார்த்தல் இன்றியமையாதது. காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ எங்கு வரவேண்டும் என்பதில் எம்முறையைக் கைக்கொள்ளினும் இழுக்கில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாயிருத்தலே வேண்டப்படுவது.

வடிவின் திருத்தம் உண்மையின் திருத்தம் ஆகிவிடாது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒருவர் நூலிற் கண்ட மேற்கோளை எடுத்து, அவரைக் குறியாது, தாமே மூலத்தைப் பார்த்தவர்போல் அடிக்குறிப்பிடுதல் பெருகிவருகின்றது. முதலாமவர் பக்கவெண்ணைப் பிழையாகத் தந்திருப்பின், அப்பிழை பத்துக் கட்டுரைகளில் உலாவி, பத்துச் சான்றாகத் தோற்றமளிக்கும். நூற்பட்டியலை நீட்டிப் புலமை காட்டுதலும் அன்னதே. இக்காலத்தில் இணையமுகவரியை மட்டும் சான்றாகத் தருவோரும் உளர். முகவரி மறைந்தவிடத்து, ஆசிரியர் பெயரும் தலைப்பும் பார்த்த நாளும் இல்லையாயின், அச்சான்று எங்குத் தேடப்படும்? இவையெல்லாம் வடிவத்தாற் குறைவற்றிருந்தும் உசாத்துணை என்னும் சொல்லுக்கு இழுக்காவன.

இப்பொருளின் முழுக் கனத்தையும் ஈழத்தார்க்கு உணர்த்தியது ஓரிரவு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிரவிலே மூட்டப்பெற்ற தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நூலகத்தில் அமர்ந்து எழுதியோர் தம் கட்டுரைகளின் அடியில் இட்ட குறிப்புக்கள் அன்றே வேறொரு பொருள் பெற்றன. அதுவரை நூலுக்கு வழிகாட்டியவை, அதன்பின் நூல் இருந்தமைக்குச் சாட்சியாயின. ஆசிரியர், தலைப்பு, பதிப்பிடம், ஆண்டு ஆகியவற்றைத் திருத்தமாகத் தந்த குறிப்பைக் கொண்டு பிறிதொரு படியைப் பேராதனையிலோ சென்னையிலோ இலண்டனிலோ தேடலாம். 'ஒரு பழைய நூலிற் கூறப்பட்டுள்ளது' என்று எழுதிச் சென்றவர் குறிப்பைக் கொண்டு எதனைத் தேடுவது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து, ஒவ்வொன்றற்கும் எண்ணிட்டு வைத்துவருகின்றது. அழிந்தவை எவை என அறிதற்கும், எஞ்சியவற்றை இனங்காண்பதற்கும் பழைய பட்டியல்களும் அடிக்குறிப்புக்களுமே துணையாகும்.

அடியார்க்குநல்லார் தாம் கண்ட இசைநூல்களின் பெயரை எழுதியபோது, அவை அழியும் என எண்ணியிரார்; தம் கடனென்றே எழுதினார். மாணவனொருவன் பட்டப்படிப்புக்கு எழுதும் சிறு கட்டுரைக்கும் அக்கடன் உண்டு. இன்று அவன் எடுத்துப் படித்த மலர், நாளை அவன் குறிப்பில் மட்டும் எஞ்சுதல் கூடும். ஆதலால், நூலைத் தட்டில் மீள வைக்கும் முன்னரே அதன் முகப்பேட்டை ஒருமுறை திறந்து, பெயரும் இடமும் ஆண்டும் பிழையற எழுதிக்கொள்ளுதல் நன்று.